நூறில் இரண்டு

என் லேத்தின் படுக்கையில் ஷெல்துண்டு விழுந்த தழும்பு.
வால்பக்கத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி.
வண்டி அந்த இடத்தைக் கடக்கையில்
மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்கு தாழும்.
அங்கே கைப்பிடியை
ஒரு மூச்சளவு பின்னுக்கு இழுப்பேன்.
பழைய இரும்புக்காரன் கிலோக்கணக்கில் விற்றான்,
பிழைக்குக் காசு வாங்கவில்லை.

பரராசா பொழுதுபடுகையில் வந்தார்.
மோட்டச்சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு நடந்து.
உரப்பையில் சுற்றி ஒரு லொறியின் ஸ்டியரிங் தண்டு,
நல்ல உருக்கு.
"மருந்தடிக்கிற மெசினுக்கு. நடுவாலே துளை வேணும்.
நேராய்."
எவ்வளவு நேராய்?
"சரியான நேராய்."

மருந்து நேராய்ப் போக வேண்டியதில்லை அண்ணை,
வாயை விட்டு வந்ததும் காற்று அதைக் கலைத்துவிடும்.
நான் சொல்லவில்லை.
முத்தையன்கட்டு வலதுகரையில்
முக்கால் ஏக்கர் கச்சானைப் பன்றி உழுததென்று
கேளாமலே சொன்னார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

வைத்துவிட்டுப் போங்கோ என்றேன்.

இரவு பத்துக்குப் பிறகுதான் இங்கே கரண்ட் நிமிரும்.
அதுவரை மோட்டர் முனகும், வெட்டில் அலை விழும்.
பத்தரைக்குத் தண்டைச் சக்கில் பிடித்தேன்,
மையம் பார்க்க மட்டும்.
டயல் முள் துள்ளியது.
ஒரு தாடையை இறுக்கி எதிர்த்தாடையை நெகிழ்த்தி
மறுபடி இறுக்கி
முள் இருந்த இடத்திலேயே இருந்தது.
சரி, வாயை மட்டும் திறந்து பார்ப்போம்.
நீள ட்ரில் ஒன்று என்னிடம் இருப்பதை
எனக்கே மறந்துபோனதாய் வைத்திருந்தேன்.
அதை எங்கே வைத்தேன் என்பது மறக்கவில்லை.

விடிய நாலுக்கு மறுமுனையால் வெளிச்சம் வந்தது.
கழற்றிப் பல்புக்கு நேரே பிடித்தேன்.
வளையம், வளையத்துக்குள் வளையம்,
ஒன்றன்மேல் ஒன்று சாயாமல்,
கல்லே விழாத கிணற்றில் எழுந்த அலைகள்.
பத்தொன்பது வயதில் பழகிய கை.
என்ன தொழில் தெரியும் என்று
புனர்வாழ்வுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள்.
தையல் என்று எழுதினேன்.

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு வெட்டும் டூலைப் பூட்டி
வெயில் ஏறும்வரை
அந்த நேரை இருபது துண்டாய் அறுத்தேன்.

மத்தியானம் வந்தவர் எண்ணிப் பார்த்தார்.
இருபது புஷ்.
"லாண்ட்மாஸ்டர் சில்லு ஆடுதெண்டு
நீங்கள் சொன்ன ஞாபகம்."
அவர் சொன்னதில்லை.
கூலியை வைத்துவிட்டுப் போனார்,
புஷ்களையும் வைத்துவிட்டு.

மாசி பிறந்து ஒரு கிழமை.
பொலிசார் இரண்டு பேர்.
வேலை மேசையில் ஒரு பொலித்தீன் பையை அவிழ்த்தார்கள்.
இடியன் துவக்கின் குழல்,
வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து.
பரராசா மாஞ்சோலை ஆஸ்பத்திரியில்.
வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
"வாகினி, இது உங்கட வேலைதானே?"

என் சுண்டுவிரல் குழலுக்குள் போய்விட்டது.
நான் அனுப்பவில்லை.
உள்ளே முழுக்கக் கரடு.
துளை பாதியில் வழி தவறிச் சாய்ந்து
சுவர் ஒருபுறம் தடிப்பு, மறுபுறம் அப்பளம்.
ஆரோ கை ட்ரில்லால்,
கண் மட்டத்துக்கு,
அவசரத்தில்.

"இல்லை" என்றேன்.
அடுத்த வசனம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது:
நான் செய்தால் வெடிக்காது.

அதை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது.
இளையவன் எழுதினான்.
மூத்தவன் லேத்தைச் சுற்றி வந்தான்,
தழும்பில் விரல் வைத்தான்.
"இது என்ன?"
"பழசு."
"இதை வைச்சுச் சரியாய் வேலை செய்ய ஏலுமா?"

மேசைக்குக் கீழே பால்மாப் பேணியில்
எண்ணெய் பூசிய இருபது வளையங்கள்.
ஒன்றை எடுத்து இன்னொன்றுடன் அளந்தால்
மைக்ரோமீற்றர் இரண்டையும் ஒன்றென்றே சொல்லும்.

"சுமாராய்" என்றேன்.